பழையனூர் நீலியும் ஆலங்காட்டு அம்மையும்

சிவமயம்

‘நீலிக் கண்ணீர்’ என்னும் வழக்கினை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். ஒருத்தி அழுவதைக் கண்டு ஐயுறுவார், அதனை நீலிக் கண்ணீர் என ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவர். அச்சொல்லுக்கு முதலாகிய நீலி என்பாள் யாவள், அவள் எதன்பொருட்டு அழுதாள், அவ்வழுகையில் மெய் யாதும் இல்லையோ என்று வினவுவார் மிகச் சிலரே. அவள் வரலாறு திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருவாக்கிலும் சேக்கிழார் பெருமான் திருவாக்கிலும் இடம்பெற்றது. தீங்கிழைக்கப்பட்ட பெண்ணொருத்தி பழிக்குப் பழி கொள்ளுதலைச் சைவசித்தாந்தம் எவ்வாறு நோக்கும் என்னும் அரிய வினாவும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. ஆதலின், அவ்வரலாற்றினையும் அதன் உட்பொருளினையும் நூல்வழி நின்று ஈண்டு ஆராய்வாம்.

வரலாறு

பழையனூர் என்பது திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டினை அடுத்துள்ள ஊர். சென்னையினின்று அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் திருவாலங்காடு ஒரு நிலையமாக உளது. கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் இரத்தினசபை இத்தலமேயாம். காளியின் வெஞ்சினம் அடங்கும்படி இறைவன் ஊர்த்துவ தாண்டவம் செய்தருளிய இடம் இஃதென்று தலவரலாறு கூறும். முதலாம் இராசேந்திர சோழன் தனது 6-ஆம் ஆட்சியாண்டிற் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவர்க்கு அளித்தமையை, 1905-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அறிவிக்கின்றன. ஊரும் கோயிலும் தொன்றுதொட்டே தொடர்புடையன என்பது இதனாற் போதரும்.

நீலியின் வரலாறு நாட்டிற் பலவாறாக வழங்குகின்றது. தொண்டைநாட்டு வழக்கின் சுருக்கம் இது. காஞ்சிபுரத்து அந்தணன் ஒருவன், இல்லத்தில் மனைவி இருப்பவும், காசி யாத்திரை சென்றவிடத்து மற்றொருத்தியை மணந்தான். அவளையும் அவள் உடன்பிறந்தானையும் அழைத்துக்கொண்டு திரும்பும்பொழுது, ஊர் அணித்தாகவே அவனுக்கு அச்சம் மிக்கது. முதல் மனைவிக்கும் சுற்றத்துக்கும் யாது விடை கூறுவதென்று கலங்கியவன், ஆலங்காட்டினருகே தன்னை நம்பிப் பின்வந்த இளையாளைக் கொன்றான். அதனை அறிந்த உடன்பிறந்தானும் உயிர் நீத்தான். பின்னர் அந்தணனும் இறந்து, மறுபிறப்பில் வணிகனாய்த் தோன்றினான். கொலையுண்டாள் நீலி என்னும் பேயாயினாள்.

வணிகன் பழையனூர்க்கு வாணிகத்தின் பொருட்டு வந்தான். பேயால் இடர் உண்டென்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தமையின், தன்னைக் காக்கும் வாள் ஒன்றனைக் கையகத்தே கொண்டிருந்தான். நீலி ஒரு பெண்ணுருத் தாங்கி, கள்ளிக்கொம்பு ஒன்றனைக் குழவியாக்கி இடுப்பில் ஏந்தி, அவனைப் பின்தொடர்ந்தாள். ஊர் மன்றத்தை அடைந்து, ‘இவர் என் கணவர்; என்னையும் மகவையும் கைவிட்டு ஓடுகின்றார்’ என்று அழுதாள். வணிகனோ, ‘இவள் பெண்ணல்லள், பேய்; என்னைக் கொல்ல வந்தவள்’ என்று அலறினான். மன்றத்தில் இருந்த வேளாளர் 70 பேரும் அழும் பெண்ணையும் குழவியையும் நோக்கினர்; வணிகன் கூற்றினை நம்பினாரல்லர். இருவரும் அன்றிரவு ஓரிடத்தே தங்குக என்றனர். வாள் தன்னை அச்சுறுத்துகின்றது என்று அவள் கூற, அதனையும் வாங்கி வைத்தனர். ‘உன் உயிர்க்கு ஊறு நேரின் எங்கள் உயிரைத் தருவோம்’ என்று வணிகனுக்கு உறுதிமொழி அளித்தனர். விடிந்தபொழுது வணிகன் மாண்டு கிடந்தான், நீலியைக் காணவில்லை. அவ்வேளாளர் 70 பேரும் தாம் கூறிய சொல்லைக் காத்தற்பொருட்டுத் தீக்குழி மூட்டி அதன்கட் புகுந்தனர். அவர் தீப்பாய்ந்த இடமென்று பழையனூரில் ஒரு மண்டபம் இன்றும் காட்டப்படுகின்றது.

முந்நூல்களின் வாக்கு

இவ்வரலாற்றினைத் தொட்டுப் பேசும் சைவநூல் வாக்குகள் மூன்று. அவை ஒன்றற்கொன்று வேறுபடும் இயல்பு நுண்ணிதின் நோக்கற்பாலது.

முதலாவது, சம்பந்தப் பிள்ளையாரின் முதல் திருமுறையில் 45-ஆம் பதிகம்; தக்கராகப் பண்ணில் அமைந்தது. அதன் முதற்பாட்டிலேயே, முன்னைத் தொடர்புடையாள் போல வந்து ஒருத்தி வஞ்சனையால் ஓருயிரைக் கொண்டதும், அதனைக் கேட்டு அஞ்சும் பழையனூரும் குறிக்கப்பெறுகின்றன. அங்கே நீலி என்னும் பெயர் இல்லை, தீக்குழி இல்லை, 70 என்னும் எண் இல்லை. ஒரு பெண், ஒரு வஞ்சனை, ஓர் உயிரிழப்பு, ஓர் ஊரின் அச்சம் ஆகிய இவையே உள்ளன. அதே பாட்டில் துயிலிடத்தும் வந்து நெஞ்சிற் புகுந்து தம்மை நினைவிக்கும் இறைவனும் பாடப்படுகின்றான். நள்ளிரவில் உயிரைக் கொள்ள வந்தவளும், நள்ளிரவில் உயிரை ஆட்கொள்ள வந்தவனும் ஒரு பாட்டில் அருகருகே நிற்பது சிந்திக்கற்பாலது.

இரண்டாவது, திருத்தொண்டர் புராணம். இப் பல்லாவரத்துக்கு மேற்கே அணித்தாயுள்ள குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், அப்பதிகம் எழுந்த வரலாற்றினை உரைக்கின்றார். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த தலம் ஆதலின், திருவாலங்காட்டினைக் காலால் மிதித்தற்கு அஞ்சிய பிள்ளையார், அதன் அருகே ஓரூரில் அன்றிரவு தங்கினார். நடு யாமத்தே இறைவன் கனவில் எழுந்தருளி, நம்மைப் பாடுதற்கு மறந்தனையோ என வினவினான். உடனே பதிகம் எழுந்தது. அதன்கண் பழையனூரார் தாம் சொன்ன சொல்லைக் காத்த செய்தி சிறப்பிக்கப்பட்டது என்பது சேக்கிழார் துணிபு. பிள்ளையார் ஊரின் அச்சத்தைப் பாடினார். சேக்கிழார் அவ்வச்சத்தினுள்ளே ஊரின் வாய்மையைக் கண்டார்.

மூன்றாவது, உமாபதி சிவாசாரியார் அருளியதாக வழங்கும் சேக்கிழார் புராணம். நீலி என்னும் பெயரும், வணிகன் என்னும் குறிப்பும், தீக்குழியும், 70 என்னும் எண்ணும் இங்கே வெளிப்பட நிற்கின்றன. சேக்கிழார் தோன்றிய வேளாண் மரபின் பெருமையைக் கூறவந்த இடமாதலின், சொற்காத்தாரின் சிறப்பும், அவர் ஆலங்காட்டு அப்பரின் எடுத்த திருவடிக்கீழ் எய்திய பேறுமே அதன்கண் பேசப்படுகின்றன.

இம்மூன்றினையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். நூல்கள் வஞ்சனையைக் கூறின, வாய்மையைக் கூறின. அவ்வஞ்சனைக்கு முதலாய் நின்ற கொலையை விரித்துரைத்து வந்தது மக்களின் செவிவழி வழக்கேயாம். நூல் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அது வேண்டாமையின் விடப்பட்டது, இல்லையென்று மறுக்கப்பட்டதன்று. பிள்ளையார் வாக்கில் முன்னைத் தொடர்பு குறிக்கப்பட்டமையே அதற்கு ஒரு வாயிலாக நிற்கின்றது.

எழுந்த வினா

பல்லாவரத்தில் அன்பர் சிலர் கூடிய ஒரு திருமுறை வகுப்பில் இப்பதிகத்துக்கு யாம் பொருள் கூறியபொழுது, முதிய அம்மையார் ஒருவர் எழுந்து வினவினார்: ‘ஐயா, அவள் கணவனைக் கொன்றதை உலகம் ஒரு பழமொழியாக்கி வைத்திருக்கின்றது. அவன் அவளைக் கொன்றதற்கு ஒரு பழமொழியும் இல்லையே, அது ஏன்?’ என்றார். இவ்வினா மிகவும் தகுதியுடையது. இதனை எளிதிற் கடந்துபோதல் நூலறிவுடையார்க்கு அழகன்று. ஆகலின் இதனை இரு கூறாக்கி விடை காண்பாம். நீலிக்கு நேர்ந்த தீங்கு மெய்யோ என்பது ஒன்று. மெய்யாயின், அவள் பழிகொண்டது முறையோ என்பது மற்றொன்று.

முன்னையதற்கு விடை வெளிப்படை. தன்னை நம்பி வந்தாளை அஞ்சிக் கொன்றவன் கொடியன். இறந்தவள் பேயாய் நின்று அழுத அழுகையில் குழவி பொய், வடிவம் பொய், ‘என் கணவர்’ என்ற சொல்லோ முற்றும் பொய்யன்று. பொய்யும் மெய்யும் விரவிய அக்கண்ணீரை முழுப்பொய்க்கே எடுத்துக்காட்டாக்கிய பழமொழி, வரலாற்றின் முற்பாதியை மறந்து பிற்பாதியை மட்டுமே நினைவில் வைத்தது என்க.

தடையும் விடையும்

பின்னையதனை ஆராய்வாம். ஈண்டு ஒருசாரார் நிகழ்த்தும் தடை வருமாறு: ‘கொன்றவன் கொலையுண்டான். அவரவர் செய்த வினை அவரவரைச் சாரும் என்பது சித்தாந்தமன்றோ? வணிகன் தன் வினையின் பயனையே நுகர்ந்தான். நீலி அவ்வினைப்பயனை ஊட்டிய கருவியாயினாள். அவளைக் குற்றமுடையாள் என்றல் எங்ஙனம் பொருந்தும்?’ என்பது.

அதற்கு விடை: வினை சடம். அது தானே சென்று தன்னைச் செய்தானைப் பற்றமாட்டாது. உயிரோ தான் செய்த வினை முழுதையும் அறியாது. அறியினும் அதன் துன்பப்பயனைத் தானே விரும்பி எடுத்துக்கொள்ளாது. ஆதலின், வினையை அறிந்து, அளந்து, உரிய காலத்தில் உரிய உயிர்க்கு ஊட்டுவான் முதல்வன் ஒருவன் வேண்டும் என்பது சிவஞான சித்தியார் நிறுவும் முடிபு. மருத்துவன் நோயின் அளவறிந்து மருந்தூட்டுதல் போல, அவன் ஊட்டுவது உயிரின் மலநோய் நீங்குதற்கே. அவ்வளவறிதல் முற்றறிவுடையானுக்கே உரித்து. சினத்தாற் கண்ணிழந்த உயிர் அப்பதவியைத் தானே கைக்கொள்ளுமாயின், மருந்து நஞ்சாகும்.

இன்னும், வணிகன் நுகர்ந்தது அவனுக்குப் பிராரத்தமாதல் கூடும். அந்நுகர்ச்சிக்கு நீலி வாயிலாதலும் கூடும். எனினும், அவள் தன் விருப்பாற் செய்த வஞ்சனையும் கொலையும் அவளுக்கு ஆகாமியமாய் ஏறின. ஒருவன் கழித்த வினையின் இடத்தே மற்றொருத்தி புதுவினை ஈட்டினாள். கடன் தீர்ந்தது என்று எண்ணிய அந்நொடியிலேயே அவள் கணக்கிற் புதுக்கடன் எழுதப்பட்டது. மேலும், அவள் கணக்கில் ஏறியது ஓருயிர் அளவினதன்று. அவளுக்கு ஒரு தீங்கும் செய்யாத 70 பேர் அவள் மூட்டிய வஞ்சத்தினாற் சாம்பராயினர். அவர்தம் மனைவியரும் மக்களும் அன்று அழுத அழுகையை எந்தப் பழமொழியும் குறிக்கவில்லை. தீங்கிழைக்கப்பட்டாள் ஒருத்தி, ஓரிரவில் அத்துணை இல்லங்களிலும் தீங்கிழைக்கப்பட்டாரைப் படைத்துவிட்டாள். பழிவாங்குதலின் இயல்பு இதுவேயாம்.

இவ்வியல்பினைச் சிலப்பதிகாரமும் தெளிவுறக் காட்டும். கட்டுரைகாதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முற்பிறப்பினை உணர்த்துகின்றது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அரச ஊழியன் ஆகிய பரதன் என்பான், பண்டம் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொல்வித்தான். சங்கமன் மனைவியின் பெயரும் நீலி என்பதே. பழையனூர் நீலி வேறு, இவள் வேறு. ஆயினும் பெயரும் துயரும் ஒத்திருத்தல் வியப்பிற்குரியது. இவள் மன்றுதோறும் மறுகுதோறும் சென்று, அரசரையும் ஊராரையும் விளித்து, இது முறையோ என்று பூசலிட்டாள். கேட்பார் இலர். 14 நாள் கழிந்தபின் மலையுச்சி ஏறி, எமக்கு இத்துயர் செய்தார் தாமும் இத்துயரே எய்துக எனச் சாபமிட்டு உயிர் துறந்தாள். அப்பரதனே கோவலனாய்ப் பிறந்து மதுரையில் வெட்டுண்டான்.

சாபம் பலித்தது. பலித்தபொழுது அதன் வெம்மை யார்மேல் வீழ்ந்தது? பரதன் செய்த பிழையில் ஒரு பங்கும் இல்லாத கண்ணகிமேல் வீழ்ந்தது. கணவனை இழந்து தெருவிற் புலம்பிய ஒரு நீலியின் சாபம், கணவனை இழந்து தெருவிற் புலம்பும் மற்றொருத்தியை ஆக்கியது. அவள் சினத்தால் மதுரை எரிந்தது. ஒரு பழியின் வாயினின்றே மறுபழி பிறக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

முறையீடும் பழிகொள்ளலும்

அற்றேல், தீங்குற்ற பெண் வாய்மூடிப் பொறுத்திருத்தல் வேண்டும் என்பதோ சைவத்தின் கருத்து எனின், அன்று. முறையிடுதல் வேறு, பழிகொள்ளுதல் வேறு. முறையிடுதல் அறத்தின் வாயிலைத் தட்டுதல். பழிகொள்ளுதல் அவ்வாயிலைத் தீக்கொளுவுதல்.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் மகனது தேர்க்காலிற் கன்றை இழந்த பசு, தன் கொம்பினால் ஆராய்ச்சி மணியை அசைத்தது. அஃது அரசகுமரனை முட்டிக் கொல்ல முயலவில்லை. தனக்கு நேர்ந்த தீங்கினை முறைசெய்வானிடத்து அறிவித்து நின்றது. அரசனும் அதன் கண்ணீரைப் பொய்யென்று தள்ளினானல்லன். தன் மகனையே தேர்க்காலில் இட்டான். அம்முறையின் முடிவில் இறைவன் வெளிப்பட, கன்றும் எழுந்தது, மகனும் எழுந்தான். முறையீட்டின் முடிவு உயிர்ப்பு. பழியின் முடிவு சாம்பர். இவ்விரண்டின் வேறுபாட்டினைச் சேக்கிழார் தம் நூலின் தொடக்கத்திலேயே வைத்தருளியது உற்றுணரத்தக்கது.

கண்ணகி இவ்விரண்டற்கும் இடைநின்றாள். பாண்டியன் அவையில் சிலம்பினை உடைத்து மெய்யை நிறுவியமை முறையீடு. நகரினை எரித்தமை பழி. எரிக்கும்பொழுதும் அந்தணரையும் அறவோரையும் பசுக்களையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழவிகளையும் விட்டுவிடுமாறு தீக்கடவுளை ஏவினாள். அவ்வளவிற்கு அவள் சினத்துக்கு ஓர் எல்லை இருந்தது. பழையனூர் நீலிக்கோ அவ்வெல்லையும் இல்லை.

பொறுமை பெண்டிர்க்கே விதிக்கப்பட்டதோ எனின், அதுவும் அன்று. திருக்கோவலூர் அரசராகிய மெய்ப்பொருள் நாயனாரை, அடியார் வேடம் பூண்டு வந்த முத்தநாதன் வஞ்சனையாற் குத்தினான். தத்தன் அவனை வெட்ட வாளை ஓங்கியபொழுது, வீழ்கின்ற நிலையிலும் நாயனார் தடுத்து, இவர் நம்மவர் என்று கூறி, அவனை இடையூறின்றி ஊரெல்லை கடத்திவிடப் பணித்தார். படையும் முடியும் உடைய ஆண்மகன் ஒருவனே பழிகொள்ளுதலைத் தன் இறுதிமூச்சினால் விலக்கினன். ஆதலின் இந்நெறி ஆண் பெண் என்னும் வேற்றுமை நோக்காது எல்லா உயிர்க்கும் வகுத்த நெறி என்க.

நீலியை மக்கள் என்செய்தனர்?

நீலியைப் பேயாகவே விட்டுவைக்கத் தமிழ்மக்கள் மனம் ஒருப்படவில்லை. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் அவள் கதை வேறொரு வடிவம் பெற்றது. அங்கே, காதலனது மடியில் துயின்ற கணிகையொருத்தி, நகைமேல் வைத்த அவாவினால் அவனாற் கல்லிட்டுக் கொல்லப்படுகின்றாள். மறுபிறப்பில் நீலியாய்த் தோன்றிப் பழிகொண்டு, முடிவில் இசக்கியம்மனாய் வழிபடப் பெறுகின்றாள். குமரி மாவட்டத்து முப்பந்தலில் உள்ள இசக்கியம்மன் கோயில் யாவரும் அறிந்தது. இசக்கியின் இடையில் குழவி ஒன்று உளது. ஆலங்காட்டிற் கள்ளிக்கொம்பாய் இருந்த பொய்க்குழவியை, அங்கே மக்கள் மெய்க்குழவியாக்கி, அவளைத் தாயென்று வணங்கினர்.

ஆருகத சமயத்தார் மற்றொரு வழி கண்டனர். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியின் தலைவி இப் பழையனூர் நீலியே. முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்தச் சென்றவள், அவருடைய அசையாத நிலையைக் கண்டு தன் வெம்மை தணிந்து, அவர் அறிவுரை கேட்டுப் பிற சமயத்தாரோடு வாதுபுரியும் தருக்கினியாயினாள். அந்நூல், சமய திவாகர வாமன முனிவர் உரையுடன், சக்கரவர்த்தி நயினாரால் 1936-இல் பதிப்பிக்கப்பட்டது. நாம் அச்சமயக் கொள்கையை உடன்படாவிடினும், பேயின் சினம் அறிவாக மாறுதல் கூடும் என்று கண்ட அப்புலவரின் நெஞ்சத்தை மதித்தல் தகும்.

சைவத்தின் விடை

சைவம் கண்ட விடையோ இவ்விரண்டினும் ஆழ்ந்தது. அது நீலியின் கதையை மாற்றி எழுதவில்லை. அதே ஆலங்காட்டில், கணவனாற் கைவிடப்பட்ட மற்றொருத்தியை, பேய்வடிவிலேயே, நம் கண்முன் நிறுத்தியது. அவரே காரைக்கால் அம்மையார்.

இருவர் வரலாற்றினையும் ஒப்புநோக்குக. நீலியின் கணவன் அச்சத்தால் அவளைக் கொன்றான். புனிதவதியாரின் கணவன் பரமதத்தனும், மாங்கனி வந்த அற்புதத்தைக் கண்டு அச்சத்தால் அவரை விட்டு நீங்கினான். கலமேறிச் சென்றவன் பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறொருத்தியை மணந்தான். சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி அவனிடம் அழைத்துச் சென்றபொழுது, அவன் இரண்டாம் மனைவியோடும் சிறு மகளோடும் வந்து அவர் அடியில் வீழ்ந்தான். அச்சிறு மகளுக்கு அவன் இட்டிருந்த பெயரும் புனிதவதி என்பதே. சுற்றத்தார் நடுவில், ஊர் அறிய, மனைவி என்னும் நிலை ஒரு நொடியிற் போயிற்று.

அந்நிலையில் அம்மையார் செய்தது யாது? அவர் பரமதத்தனை வைதாரல்லர். அவன் புதுமனைவியைச் சபித்தாரல்லர். சுற்றத்தாரிடம் முறைகூறிப் பொருள் கேட்டாரல்லர். இவன்பொருட்டுத் தாங்கிய இத்தசைப்பொதி இனி வேண்டா, நின் தாளைப் போற்றும் பேய்வடிவு அருள்க என்று இறைவனை வேண்டினார். வேண்டியவாறே பெற்றார். நீலி பேயானது உடம்பு போயும் பற்றுப் போகாமையால். அம்மையார் பேயானது பற்றுப் போனபின் உடம்பினைக் களைந்தமையால். வடிவம் ஒன்று; நெறி வேறு.

பகையும் ஒருவகைப் பற்றே என்பதை ஈண்டு உணர்தல் வேண்டும். விரும்பப்பட்டவனை நினைத்தல் போலவே வெறுக்கப்பட்டவனையும் உள்ளம் இடையறாது நினைக்கின்றது. நீலி தன்னைக் கொன்றவனைப் பிறவி கடந்தும் தொடர்ந்தாள். அவன் மறந்தான், அவள் மறக்கவில்லை. அவனைக் கொன்றபொழுதும் அவள் விடுதலை பெற்றாளல்லள். அவனையன்றி வேறொன்றை அவள் என்றும் நினைத்திலள். அம்மையாரோ, நல்வினைப்பயனையும் தீவினைப்பயனையும் ஒப்ப நோக்கி இரண்டினும் உவர்ப்புக்கொண்டார். இதனையே சித்தாந்தம் இருவினையொப்பு என்னும். இருவினையொப்பும் மலபரிபாகமும் நிகழ்ந்தவிடத்துச் சத்திநிபாதம் நிகழும். திருக்கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் ஏறிய அவரை, பிறப்பிலியாகிய பெருமான் ‘அம்மையே’ என்று விளித்தருளியது அதன் முடிந்த பயன். மனைவி என்னும் உறவினை உலகம் பறித்துக்கொண்டது. தாய் என்னும் உறவினை இறைவன் கொடுத்தான். இறைவன் ஆடும்பொழுது அடிக்கீழ் இருந்து பாடும் பேற்றினை வேண்டிப் பெற்று, அவர் வந்து சேர்ந்த இடம் திருவாலங்காடு.

அவர் அருளிய மூத்த திருப்பதிகங்களை ஓதுவார் ஒன்று காண்பர். அச்சுடுகாட்டிற் கள்ளி உண்டு, பேய்கள் உண்டு, தன் பிள்ளைக்குப் புழுதி துடைத்துப் பாலூட்டிப் பெயரிட்டு வளர்க்கும் ஒரு பேய்த்தாயும், அவள் வரவு காணாது அழுதுறங்கும் பிள்ளையும் உண்டு. நீலியின் கதையில் வரும் பொருள்கள் அனைத்தும் அங்கே இருக்கின்றன. பழி ஒன்றே இல்லை. அவற்றின் நடுவே அப்பன் ஆடுகின்றான். காளியின் சினத்தை அடக்கிய அத்திருவடி நிழலில் பேய்த்தாயும் தன் பிள்ளைக்குத் தாயாகவே இருக்கின்றாள். பழையனூர் நீலிக்கு அத்திருவடி தொலைவிலிருந்ததன்று. அவள் கணவனையே நோக்கி நின்றமையால் அதனைக் கண்டிலள்.

மன்றத்தார் கடமை

இனி, 70 பேரைப்பற்றி ஒன்று கூறி முடிப்பாம். அவர் தீப்பாய்ந்தமையை நாமும் செய்க என்று நூல் விதிக்கவில்லை. சேக்கிழார் சிறப்பித்தது சொற்காத்தமையை. தாம் அளித்த தீர்ப்பினால் ஓருயிர் அழிந்ததென்று கண்டபொழுது, அவர் பிறர்மேற் பழியேற்றித் தப்பினாரல்லர். பேயின் மாயை என்று சொல்லி ஒதுங்கினாரல்லர். தீர்ப்பின் பொறுப்பினைத் தாமே ஏற்றனர். அவர் பெருமை அது. அவர் வழுவும் உண்டு. வழக்கினை அன்றே முடித்தல் வேண்டுமென்று விரைந்து, ஒருவர் அச்சத்தை ஆராயாது, அவன் கையிலிருந்த காவலையும் வாங்கிவிட்டனர். சிங்கபுரத்தார் வழு இதற்கு மறுதலை; அவர் அழுதவள் சொல்லைக் கேளாதே விட்டனர். ஓரூர் கண்ணீரை ஆராயாது நம்பிக் கெட்டது. ஓரூர் கண்ணீரை ஆராயாது தள்ளிக் கெட்டது. இரண்டிடத்தும் குறைந்தது ஆராய்ச்சியே.

இன்றும் குடும்பத்தில், ஊரில், மன்றத்தில் ஒரு பெண் வந்து தனக்கு நேர்ந்த தீங்கினைக் கூறி அழும்பொழுது, ‘நீலிக் கண்ணீர்’ என்னும் சொல் சிலர் வாயில் எளிதாக எழுகின்றது. அச்சொல்லை எடுப்பார் அதன் முழுவரலாற்றினையும் நினைந்து எடுப்பாராக. முறையீட்டின் வாயில் அடைபடுமிடத்தே பழியின் வாயில் திறக்கும். அழுவார் சொல்லைப் பொறுமையோடு கேட்டு, மெய்யும் பொய்யும் பிரித்து, முறைசெய்தல் பெரியோர் கடன். முறை கிடைப்பினும் கிடையாவிடினும், தன் துயரைப் பகையாக்கிப் பிறவிதோறும் சுமவாமல், வினையை அளந்து ஊட்டும் முதல்வன் திருவடியில் வைத்தல் துயருற்றார்க்கு உய்தி. முன்னையது அறம், பின்னையது வீட்டுநெறி. இவ்விரண்டும் ஒருங்கு அமைந்தவிடத்து நீலி தோன்றாள்.

திருவாலங்காடு செல்லும் அன்பர்கள் இரத்தினசபையில் அண்டமுற நிமிர்ந்த திருவடியினையும், அதன்கீழ் இருந்து பாடும் அம்மையாரையும் வணங்குக. வணங்கியபின் பழையனூர்க்கும் சென்று, தீப்பாய்ந்த மண்டபத்தின் முன் சற்றே நிற்பாராக. சொற்காத்தாரை நினைத்தலோடு, அவ்வூர்க் காட்டில் நம்பியவனாற் கொலையுண்ட பெயரறியாப் பெண்ணையும் நினைந்து, அவ்வுயிர்க்கும் அருள் புரிக என்று ஒருமுறை திருவைந்தெழுத்தினை ஓதுதல் சைவர்க்குத் தகுவதேயாம்.

திருச்சிற்றம்பலம்.